காவலும் துணையும்

1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள அவெரோன் என்னும் மாவட்டத்தில், காட்டிலிருந்து ஒரு சிறுவன் ஊர்ப்புறத்திற்கு வந்து சேர்ந்தான். வயது பன்னிரண்டு அளவில் இருக்கலாம். அவன் பேச அறியான். ஆடை உடுக்க அறியான். பாரிஸ் நகரத்து அறிஞர்கள் அவனைக் காண விரைந்தனர். அவர்களுட் பலர், இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், இவனுக்குக் கற்பித்துப் பயனில்லை என்று கைவிட்டனர். ழான் இதார் என்னும் இளம் மருத்துவர் மட்டும் அதனை ஏற்கவில்லை. செவிடர் ஊமையர் கல்விக்கூடத்தில் அவனை வைத்துக்கொண்டு, விக்டர் என்று பெயரிட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கற்பித்தார். விக்டர் சில சொற்களை எழுத்தில் அறிந்துகொண்டான். ஆனால் பேச்சு வரவில்லை. இதார் மனம் சோர்ந்து அம்முயற்சியை விட்டார். எனினும் அவர் எழுதி வைத்த இரண்டு அறிக்கைகள், குறையுடைய பிள்ளைகளின் கல்வி வரலாற்றில் முதல் ஏடுகளாக இன்றும் போற்றப்படுகின்றன.

அவ்வறிக்கைகளில் மற்றொருவரும் வருகின்றார். அவர் கெரேன் அம்மையார். விக்டருக்கு உணவு சமைத்து, அவனைக் குளிப்பாட்டி, உலாவ அழைத்துச் சென்றவர் அவரே. மேசையில் உணவுத் தட்டுகளை எடுத்து வைப்பது விக்டரின் அன்றாட வேலை. அம்மையாரின் கணவர் நோயுற்று இறந்தார். அன்றும் விக்டர் வழக்கம் போல் அவருடைய இடத்தில் தட்டை வைத்தான். அதனைக் கண்ட அம்மையாரின் துயரம் பொங்கிவிட்டது. அத்துயரத்திற்குத் தன் செயலே காரணம் என்று உணர்ந்துகொண்ட விக்டர், அத்தட்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தான். பின்னர் ஒருநாளும் அவ்விடத்தில் அவன் தட்டு வைக்கவில்லை. கற்பிக்க இயலாதவன் என்று அறிஞர்கள் கைவிட்ட ஒருவன் செய்த செயல் இது.

இதார் விலகிய பின்னும் கெரேன் அம்மையார் விலகவில்லை. விக்டர் வளர்ந்து பெரியவனாகி, 1828-இல் இறக்கும் வரையில் அவரே அவனுடன் இருந்து வந்தார். இதாரை வரலாறு அறியும். அம்மையாரையோ அடிக்குறிப்பில்தான் காண்கின்றோம். அவர் செய்த பணியைத்தான் இன்று நாம் சிறிது எண்ணிப் பார்க்கப் போகின்றோம். அறிவு வளர்ச்சியில் குறையுடைய பெரியவர்களுக்கு அருகிருந்து, அவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே நடத்திச் செல்வதற்கு உதவும் பணி அது. இங்கிலாந்தில் இப்பணி செய்பவரை இன்று 'சப்போர்ட் ஒர்க்கர்' என்கின்றனர். நாம் துணைப்பணியாளர் என்று வழங்கலாம். இப்பெயர் தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அதற்கிடையில் அப்பணியாளர் காவலராகவும், ஏவலராகவும், செவிலியராகவும் பல வேடங்கள் பூண்டார். அந்தக் கதை மனிதன் மனிதனை எவ்வாறு மதித்தான் என்னும் கதையே ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறை வேறு. மனநோய் எவருக்கும் எந்த வயதிலும் வரலாம், மருந்தால் தணியலாம். அறிவு வளர்ச்சிக் குறை பிறப்பிலோ இளமையிலோ தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. அதற்கு மருந்து இல்லை. ஆனால் கற்றலும் துணையும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் விளைந்த தீமை மிகப் பெரிது.

இதாரின் மாணவராகிய எதுவார் செகேன், பாரிசில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்துக் காட்டினார். பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கே 1848-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்பவர் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதே ஆண்டில் இலண்டனை அடுத்த ஹைகேட்டில், ஆண்ட்ரூ ரீட் என்னும் சமயத்தொண்டரின் முயற்சியால் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து, 1855-இல் சர்ரே மாவட்டத்தில் எர்ல்ஸ்வுட் என்னும் பெருமாளிகையாயிற்று. பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதே இம்முன்னோடிகளின் தொடக்க நோக்கம். ஆனால் நடந்தது வேறு. வந்தவர்களை ஏற்க வீடுகள் ஆயத்தமாக இல்லை. வேலை கொடுப்பார் இல்லை. பள்ளி விடுதியாயிற்று, விடுதி வாழ்நாள் உறைவிடமாயிற்று. இவ்வாறு ஒரே வகையினரை ஓரிடத்தில் திரட்டி வைப்பது அவர்களைச் சமுதாயத்திலிருந்து பிரித்துவிடும் என்று 1866-ஆம் ஆண்டிலேயே ஹோவ் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைக் கேட்பார் இல்லை.

எர்ல்ஸ்வுட்டில் வாழ்ந்த ஒருவரை நாம் நினைத்துப் பார்க்கலாம். ஜேம்ஸ் ஹென்றி புல்லென் என்பவர் 1835-இல் பிறந்தவர். காது கேளாதவர், சில சொற்களே பேச வல்லவர். இளமையில் அங்கே சேர்ந்தார். 1916-இல் இறக்கும் வரையில் அங்கேயே இருந்தார். அவர் தேர்ந்த தச்சர். 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் புகழ்பெற்ற கப்பலின் மாதிரியைப் பல்லாண்டு உழைத்து, நுணுக்கங்கள் யாவும் விளங்கச் செய்தார். அவருடைய திறமையைக் கேள்வியுற்ற வேல்ஸ் இளவரசர் யானைத் தந்தங்கள் அனுப்பி ஊக்கினார். இத்தகைய கைத்திறன் படைத்தவர் தமக்கென ஒரு வீடும் கடையும் வைத்து ஊரில் வாழ்ந்திருக்க இயலாதா என்று இன்று நாம் வினவுகின்றோம். தக்க துணை இருந்திருந்தால் இயன்றிருக்கலாம். அக்காலத்தில் அங்ஙனம் துணை நிற்பதற்கு ஒரு பணியாளர் இருக்கக் கூடும் என்ற எண்ணமே தோன்றவில்லை. சுவருக்குள் பாதுகாப்பு உண்டு. சுவருக்கு வெளியே ஒன்றும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இரக்கத்தின் இடத்தை அச்சம் பற்றிக்கொண்டது. குறையுடையவர்கள் பெருகினால் இனம் கெடும் என்ற போலி அறிவியல் மேனாடுகள் எங்கும் பரவியது. 1913-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் மனவளர்ச்சிக் குறை பற்றிய சட்டத்தை இயற்றியது. அது மனிதரை நான்கு வகுப்பாகப் பிரித்து முத்திரையிட்டது. மணமாகாமல் பிள்ளை பெற்று, அச்சமயம் ஏழைநிதியில் உதவி பெற்ற பெண், குறையுடையவள் என்று கருதப்பட்டால் அவளையும் அடைத்து வைக்க அச்சட்டம் வழிசெய்தது. தனிமனித உரிமையை இது பறிக்கின்றது என்று ஜோசையா வெட்ஜ்வுட் போன்ற மிகச் சிலரே எதிர்த்து நின்றனர். ஊருக்கு அப்பால் 'காலனி' என்ற பெயரால் பெரும் விடுதிகள் எழுந்தன. நீண்ட கூடங்களில் வரிசை வரிசையாகக் கட்டில்கள் கிடந்தன. ஆடைகள் பொதுவாயின, குளிப்பும் வரிசையில் நடந்தது. பணியாளரின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிற்று. அச்சாவியே அப்பணியின் அடையாளமாயிற்று.

அச்சம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஜெர்மனி காட்டியது. 1939 முதல் நாஜி அரசு, பயனற்ற உயிர்கள் என்று தான் முத்திரையிட்ட நோயாளிகளையும் குறையுடையோரையும் கொல்லத் தொடங்கியது. 1941 ஆகஸ்டு மாதத்திற்குள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் நச்சுப்புகைக் கூடங்களில் மாண்டனர். அதன் பின்னும் கொலை வேறு வழிகளில் தொடர்ந்தது. அவர்களுடைய பெயர்ப்பட்டியலை எழுதியவர் மருத்துவர். ஆடை உடுத்திப் பேருந்தில் ஏற்றியவர் அன்றாடம் உணவூட்டிய பணியாளர். தம் பொறுப்பில் உள்ளவர் ஒரு முழு மனிதர் என்ற உணர்வு பணியாளரின் உள்ளத்தில் வேரூன்றாவிடின், அவர் கற்ற பயிற்சியும் காட்டும் ஒழுங்கும் எதற்குப் பயன்படும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

போருக்குப் பின் மாற்றம் பெற்றோரிடமிருந்து தொடங்கியது. 1946-இல் ஜூடி ஃப்ரைட் என்னும் தாய், தம் மகளுக்குப் பள்ளியில் இடமில்லாத துயரத்தால் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவரைப் போன்ற பெற்றோர் பலர் மறுமொழி எழுதினர். அவர்கள் கூடி அமைத்த சங்கமே பின்னாளில் 'மென்கேப்' என்னும் பெருநிறுவனமாயிற்று. நம் நாட்டிலும் அதுவே நடந்தது. 1944-இல் பம்பாயில் ஒரு பெற்றோர் தம் மகளுக்காகத் தொடங்கிய முயற்சி, ஜெய் வக்கீல் பள்ளியாக வளர்ந்தது. கடல் கடந்த இரு நாடுகளிலும் வழியைத் திறந்தது பெற்ற வயிற்றின் வேதனையே.

1958-இல் ஜாக் டிசார்ட் என்னும் உளநூலறிஞர் ஒரு சோதனை செய்தார். இலண்டனில் இருந்த ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து பதினாறு பிள்ளைகளைச் சர்ரேயில் புரூக்லண்ட்ஸ் என்னும் வீட்டிற்கு மாற்றினார். அவர்களுக்கு ஒப்பான பதினாறு பிள்ளைகள் மருத்துவமனையிலேயே இருந்தனர். வீட்டில் பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து, மாறாத பணியாளரிடம் குடும்பம் போல வளர்ந்தனர், விளையாடினர், பேசப் பழகினர். இரண்டாண்டு சென்றபின் ஒப்பிட்டபோது, வீட்டுப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் தெளிவாக முந்தியிருந்தனர். குறை ஒன்றே, வாழும் முறை மட்டும் வேறு. அதுகாறும் நோயின் இயல்பு என்று எண்ணப்பட்டவற்றுள் பல, விடுதி வாழ்க்கையின் விளைவே என்று உலகம் உணரத் தொடங்கியது.

ஆயினும் அறிந்ததும் செய்வது அரசுகளின் வழக்கமன்று. 1959-இல் வந்த புதிய மனநலச் சட்டம் பழைய முத்திரைகளை நீக்கிற்று. கட்டிடங்கள் அப்படியே நின்றன. 1967-இல் கார்டிஃப் நகரத்து ஈலி மருத்துவமனையின் உதவிப் பணியாளர் ஒருவர், அங்கு நடக்கும் கொடுமைகளை ஒரு செய்தித்தாள் வாயிலாக வெளிப்படுத்தினார். நோயாளிகளை அடிப்பதும், அவர்களுக்குரிய உணவைத் திருடுவதும், முறையிட்டவர்களை அடக்குவதும் அவர் சொன்ன குற்றங்கள். ஜெஃப்ரி ஹோவ் என்னும் வழக்கறிஞர் தலைமையில் விசாரணை நடந்தது. 1969-இல் அறிக்கை வெளிவந்தது. குற்றச்சாட்டுகளுட் பல மெய்யென்று கண்ட அவ்வறிக்கை, பணியாளர் பற்றாக்குறை, பயிற்சியின்மை, மேலதிகாரிகளின் அலட்சியம் ஆகியவற்றையும் எடுத்துக்காட்டிற்று. தனி மனிதரின் கொடுமையைவிட, யாரும் பாராத இடத்தில் யாரையும் கேளாத ஆட்சி நடந்ததே பெருங்கேடு. உயர்ந்த பதவியினர் பலர் வாய் மூடியிருந்த இடத்தில் உண்மையைச் சொன்னவர் அடிமட்டப் பணியாளர் ஒருவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அதன் விளைவாக 1971-இல் பிரிட்டிஷ் அரசு, மருத்துவமனைகளில் பெரியவர்களுக்கு இருந்த இடங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, ஊர்களிலேயே இல்லங்கள் அமைக்கப் போவதாக வெள்ளையறிக்கை வெளியிட்டது. முன்னரே டென்மார்க்கும் ஸ்வீடனும் வழிகாட்டியிருந்தன. டென்மார்க்கில் பேங்க்-மிக்கெல்சன் என்பவரின் முயற்சியால், குறையுடையோர் வாழ்க்கை இயன்ற வரையில் பிறர் வாழ்க்கையை ஒத்திருக்க வேண்டும் என்ற கொள்கை 1959-இல் சட்டத்தில் ஏறியது. ஸ்வீடன் நாட்டு பெங்ட் நிர்யே 1969-இல் அதனை விளக்கி எழுதினார். பிறரைப் போலவே காலையில் எழுதல், வேறிடம் சென்று வேலை செய்தல், வார இறுதியில் ஓய்தல், ஆண்டில் ஒரு முறை விடுமுறைப் பயணம் போதல் என்று அவர் கேட்டவை யாவும் எளியவை. எளியவையாயினும் விடுதிக் கூடங்களில் அவற்றுள் ஒன்றும் இல்லை.

1979-இல் பெக்கி ஜே அம்மையாரின் குழு, இப்பணியாளருக்கு எவ்வகைப் பயிற்சி வேண்டும் என்று ஆராய்ந்தது. குறையுடையவர் நோயாளி அல்லர். ஆதலின் அவருடன் வாழ்வார்க்கு மருத்துவமனைப் பயிற்சியினும் சமூகப் பணிப் பயிற்சியே பொருந்தும் என்று அக்குழு பரிந்துரைத்தது. செவிலியர் சங்கங்கள் எதிர்த்தன. அரசு அப்பரிந்துரையை முழுவதும் ஏற்கவில்லை. எனினும் வினா மறையவில்லை. 1990-இல் சமுதாயப் பராமரிப்புச் சட்டம் வந்தது. மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த கடைசிப் பழைய நெடுங்கால மருத்துவமனை 2009-இல் மூடப்பட்டது.

இக்கட்டத்தில்தான் துணைப்பணியாளர் என்னும் பெயர் தன் முழுப்பொருளைப் பெறுகின்றது. பழைய விடுதியில் கட்டிடம் நிறுவனத்தினுடையது. அங்கு வாழ்ந்தவர் அயலார் போன்றவர். புதிய முறையிலோ வீடு குறையுடையவருடையது. வாடகைச் சீட்டு அவர் பெயரில் இருக்கும். பணியாளரே அவ்வீட்டுக்கு வருபவர். ஆதலின் அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருதல் வேண்டும். சாவி கைமாறிவிட்டது. அந்த ஒரு மாற்றத்தில் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கின்றது.

இனி, அப்பணி யாது? காலையில் எழுப்புதல், குளிக்க உதவுதல், மருந்தை நேரத்தில் நினைவூட்டுதல், வலிப்பு வந்தால் செய்யத்தக்கதைச் செய்தல் ஆகியவை ஒரு பகுதி. கடைக்கு உடன் சென்று, காய்கறியை அவரே தெரிந்தெடுக்கக் காத்திருத்தல் மற்றொரு பகுதி. பணியாளர் தாமே எடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். அவர் எடுத்தால் அரைமணி ஆகலாம். அந்த அரைமணிதான் பணி. பேச இயலாதவரின் முகக்குறிப்பை அறிதல், படங்களாலும் கைச்சைகைகளாலும் அவர் விருப்பத்தைக் கேட்டல் இன்றியமையாதவை. மக்காட்டன் என்னும் சைகை முறை, 1970-களின் தொடக்கத்தில் மருத்துவமனை ஒன்றில் வாழ்ந்த காது கேளாத, அறிவு வளர்ச்சிக் குறையுடைய பெரியவர்களுக்காகவே மார்கரெட் வாக்கர் அம்மையாரால் உருவாக்கப்பட்டது. இதுகாறும் சொல்ல வாயில்லாதவர் என்று கருதப்பட்டவர்க்குச் சொல்லத் தக்கவை பல இருந்தன என்பது அப்போது விளங்கிற்று.

இதில் ஓர் அரிய சிக்கல் உண்டு. பெரியவர் ஒருவர் தம் பணத்தைத் தேவையற்ற பொருளுக்குச் செலவிட விரும்புகின்றார், பணியாளர் தடுக்கலாமா? இனிப்பு உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தும் கேட்கின்றார், மறுக்கலாமா? காவலர்க்கு இவ்வினா எழாது, அவர் மறுத்துவிடுவார். துணைவர்க்கோ நாள்தோறும் எழும். 2005-இல் இங்கிலாந்து இயற்றிய மனத்திறன் சட்டம், முடிவெடுக்கும் திறன் ஒருவர்க்கு உண்டு என்றே முதலில் கொள்ளவேண்டும் என்றும், ஒருவர் எடுத்த முடிவு அறிவுடைமையாகத் தோன்றவில்லை என்பதனாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று கருதலாகாது என்றும் விதித்தது. தவறு செய்யும் உரிமை நமக்கெல்லாம் உண்டு. அவ்வுரிமையைப் பிறர்க்கு மட்டும் மறுப்பதற்கு நாம் யார்? அதே வேளையில், பெருந்தீங்கு நேரும் இடத்தில் கைகட்டி நிற்பதும் துணையாகாது. இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே அப்பணியாளரின் கலை. அக்கலைக்கு உலகம் தரும் ஊதியம் மிகக் குறைவு.

சிறிய இல்லம் என்பதனாலேயே கேடு நீங்கிவிடாது என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. 2011-இல் பிரிஸ்டல் நகரை அடுத்த விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் பணியாளர் செய்த கொடுமைகளைப் பி.பி.சி. நிறுவனம் மறைமுகமாகப் படம் பிடித்து ஒளிபரப்பியது. 2012-இல் பதினொருவர் தண்டனை பெற்றனர். அவர்களுள் அறுவர் சிறை சென்றனர். ஈலியில் நடந்தது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நடந்தது. கண்காணிப்பாரும் உறவினரும் அயலாரும் வந்து போகாத எந்த இடமும், அது மாளிகையாயினும் சிறு வீடாயினும், கொடுமைக்கு இடமளிக்கும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1912-இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியச் சட்டம், அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநோயாளியையும் பித்தர் என்ற ஒரே சொல்லில் அடக்கிற்று. 1987-இல் வந்த மனநலச் சட்டமே அவ்விருவரையும் பிரித்தது. இதற்கிடையில் 1984-இல் செகந்தராபாத்தில் மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் தொடங்கிற்று. ஆசிரியரையும் பணியாளரையும் பயிற்றி வருகின்றது. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கு, நம் நாட்டில் இக்குறையுடையோர் பதினைந்து இலட்சம் என்று பதிவு செய்தது.

இங்கிலாந்தைப் போன்ற பெருவிடுதிகள் இவர்களுக்கென நம் நாட்டில் அவ்வளவாகத் தோன்றவில்லை. பெரும்பாலோர் வீட்டிலேயே வாழ்கின்றனர். தாய் பார்க்கின்றாள், தாய்க்குப் பின் அக்காளோ அண்ணியோ பார்க்கின்றாள். இது நமக்குப் பெருமையே. ஆயினும் அப்பெருமையின் பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் தோள்மேல் ஏறியிருப்பதையும் காணவேண்டும். நாற்பது வயது மகனைக் குளிப்பாட்டும் எழுபது வயதுத் தாயை நாம் அறியாதவர் அல்லோம். அவளைக் கேட்டால், தன் நோயைப் பற்றிச் சொல்லமாட்டாள். "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பதே அவள் சொல்லும் ஒரே சொல்.

1999-இல் பாராளுமன்றம் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் அவ்வினாவைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதிக்கொண்டது. பெற்றோர் இறந்தபின் இவர்களுக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் அமைய வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. மாவட்டந்தோறும் காப்பாளரை நியமிக்கும் குழுக்கள், பெரியவர்களுக்கான கூட்டு இல்லங்கள், 'சஹயோகி' என்ற பெயரால் பராமரிப்பாளர்க்குப் பயிற்சி ஆகியவை அதன்வழி வகுக்கப்பட்டன. 2007-இல் ஐக்கிய நாடுகளின் உரிமை உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்தது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. காப்பாளர் குறையுடையவருக்காகத் தாமே முடிவு செய்யாமல், இயன்றவரை அவருடன் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து.

சட்டம் வந்துவிட்டது, பணியாளர் வர வேண்டும். சிற்றூரிலும் பேரூரிலும் ஆயாக்களும் உதவியாளர்களும் இப்பணியை ஏற்கெனவே செய்து வருகின்றனர். அவர்களை வேலைக்காரர் என்று எண்ணுகின்றோம். பயிற்சியும் நிலையான ஊதியமும் முதுமைக்கு உதவியும் அளிக்க மறந்துவிடுகின்றோம். ஈலியின் அறிக்கை சொன்ன குறைகளுள் முதன்மையானவை பணியாளர் பற்றாக்குறையும் பயிற்சியின்மையும் அல்லவா? மேனாடு ஒன்றரை நூற்றாண்டு தவறு செய்து கற்ற பாடத்தை நாம் தவறு செய்யாமலே கற்கலாம். பெருவிடுதி கட்டிவிட்டுப் பின்னர் இடிக்க வேண்டுவதில்லை. தாயின் வீட்டையே நிலைக்களமாகக் கொண்டு, அங்கே தட்டி நுழையும் ஒரு துணைவரைத் தாய் உயிரோடிருக்கும்போதே பழக்கிவைக்க இயலும். தாய் மறைந்த மறுநாள் முன்பின் அறியாத முகம் வந்து நிற்பதைவிட, பத்தாண்டு பழகிய முகம் அருகிலிருப்பது எத்துணை ஆறுதல் தரும்!

கெரேன் அம்மையாருக்குப் பட்டம் இல்லை; அவர் நூல் எதுவும் எழுதவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவருடன் ஒரே மேசையில் உணவுண்டார். அவருடைய துயரத்தை விக்டர் அறிந்துகொண்டது நாள்தோறும் உடனிருந்து பழகிய பழக்கத்தின் பயன் என்றே நாம் கொள்ளலாம். அத்தகைய மேசைகள் நம் நாட்டில் எத்தனை அமையும் என்பதே, "எனக்குப் பிறகு யார்?" என்று கேட்கும் தாய்மார்க்கு நாம் அளிக்கப்போகும் விடை.